வெள்ளிக் கம்பி, கண்ணாடி முனை

மரபணுப் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சில சமயம் 'வி.யூ.எஸ்.' என்று மூன்று எழுத்து இருக்கும். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அது நோயைத் தருமா, சும்மா கிடக்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்பது அதன் அர்த்தம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் 'தெரியாது' என்று அச்சடித்த தாளை வாங்கிப் போகிறார்கள் மக்கள்.

அந்தத் 'தெரியாது' என்பதை நீக்க ஒரு வழி இருக்கிறது. மாறிய எழுத்தோடு அந்த மரபணு தரும் புரதத்தை ஓர் உயிருள்ள செல்லுக்குள் செய்ய வைத்து, அது வேலை செய்கிறதா என்று நேரடியாக அளந்து பார்ப்பது. புரதம் அயனி வாய்க்காலாக இருந்தால் அளக்க வேண்டியது மின்சாரம். அதை அளக்கும் முறைக்கு 'பேட்ச் கிளாம்ப்' என்று பெயர். அறிவியல் என்று சொல்லிக்கொண்டாலும் கற்றுக்கொள்ளும் விதத்தில் அது பட்டறைத் தொழில்தான். புத்தகத்தைப் படித்து வராது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, "இப்ப இழு, போதும், விடு" என்று சொல்லச் சொல்லத்தான் கைக்கு வரும்.

எனக்குச் சேலம் சிவதாபுரம். அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அம்மாவின் ஊர் ராசிபுரம் பக்கம். நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தேன். அங்கே படித்த எல்லோரையும்போல என்னையும் டாக்டராக்கத்தான் பார்த்தார்கள். மதிப்பெண் ஒத்துழைக்கவில்லை. உயிர்வேதியியல் படித்து, பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்தேன். அயனி வாய்க்கால்களில் வரும் மரபணு மாற்றங்களைச் சோதிப்பது அங்கே வேலை. தவளை முட்டைக்குள் மனித மரபணுவின் செய்தியைச் செலுத்தி, அந்த முட்டை செய்யும் வாய்க்காலை அளக்கிற முறையும் உண்டு என்று போனில் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். 1982-இல் ரிக்கார்டோ மிலேடியின் குழுவினர் காட்டிய வழி அது. அம்மாவுக்கு 'முட்டை' மட்டும் காதில் விழுந்தது. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இன்றுவரை நான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கோழி முட்டை ஆராய்ச்சி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தவில்லை. அந்த ஊரில் அதற்குத்தான் மரியாதை அதிகம்.

வாய்க்கால் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லைச் சுற்றியிருப்பது எண்ணெய்ப்பசை கொண்ட மெல்லிய சவ்வு. சோடியம், பொட்டாசியம் போன்ற மின்னேற்றம் உள்ள அயனிகளால் அதைத் தாண்ட முடியாது. அவற்றுக்காகச் சவ்வில் புரதத்தால் ஆன துளைகள் இருக்கின்றன. எப்போதும் திறந்தே கிடக்கிற துளைகள் அல்ல. மேட்டூரின் பதினாறு கண் மதகைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: மேலே நீர்மட்டம் ஏறினால் ஷட்டர் உயர்கிறது, இறங்கினால் மூடுகிறது. இங்கே நீர்மட்டத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம். ஷட்டரைத் தூக்க ஆள் கிடையாது, புரதமே தன்னைத் தூக்கிக்கொள்ளும். திறந்திருக்கும் ஒரு வாய்க்கால் வழியே ஒரு வினாடியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அயனிகள் போகும்.

என் கைக்கு வந்த மரபணுவின் பெயர் கே.சி.என்.க்யூ.1. அது செய்யும் புரதத்தில் 676 அமினோ அமிலங்கள். அப்படி நான்கு புரதங்கள் கூடினால் ஒரு பொட்டாசிய வாய்க்கால். கே.சி.என்.இ.1 என்ற இன்னொரு மரபணு செய்யும் 129 அமினோ அமிலக் குட்டிப் புரதமும் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் கூட்டணி உடம்பில் இரண்டு முக்கியமான இடங்களில் உழைக்கிறது. ஒன்று இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னளவில் பழைய நிலைக்குத் திரும்ப இந்த வாய்க்கால் வழியே பொட்டாசியம் வெளியேற வேண்டும். இன்னொன்று உட்காது. அங்கே ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் நனைந்திருக்கும் திரவத்துக்குள் பொட்டாசியத்தைக் கொண்டுசேர்ப்பது இதுதான். உடம்பில் செல்லுக்கு வெளியே இருக்கும் மற்றத் திரவங்களில் சோடியம்தான் மிகுதி. அந்த ஒரு திரவத்தில் மட்டும் பொட்டாசியம் மிகுதி. அது வற்றினால் காது கேட்காது.

முதலில் கண்ணாடி. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள போரோசிலிக்கேட் குழாயை எடுத்து, நடுவில் மின்கம்பியால் சூடேற்றி, இரு பக்கமும் இழுத்தால் இடுப்பு மெலிந்து இரண்டாகப் பிரியும். இழுக்க எந்திரம் இருக்கிறது. ஆனால் சூடு எவ்வளவு, இரண்டாம் இழுப்பு எப்போது என்பதை நாம்தான் அமைக்க வேண்டும். நேற்று வைத்த அளவு இன்று ஒத்துவராது. மழை நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி. கிடைக்கிற முனையில் இருக்கும் துளை ஒரு மைக்ரோமீட்டர் சுமார், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிறகு உருப்பெருக்கியின் கீழ் சூடான கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அதன் விளிம்பை லேசாக உருக்கி மழமழப்பாக்க வேண்டும். கூடுதலாக உருகினால் துளை அடைத்துக்கொள்ளும். இழுத்த ஊசியை அன்றே பயன்படுத்திவிட வேண்டும், மறுநாளைக்குத் தூசி படிந்துவிடும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தஞ்சாவூர்க்கார அக்கா. முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருந்தார். ஊசி சரியா என்று அவர் உருப்பெருக்கியில் பார்ப்பது குறைவு. உப்புக் கரைசலில் முக்கி, மின்தடையைப் பார்ப்பார். இரண்டிலிருந்து நான்கு மெகா ஓம் காட்டினால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் குப்பையில் போடு. "கண்ணு பொய் சொல்லும்மா, ஓம் பொய் சொல்லாது" என்பார்.

அடுத்தது வெள்ளி. ஊசிக்குள் கரைசலை நிரப்பி, அதற்குள் ஒரு வெள்ளிக் கம்பியைச் செருகுகிறோம். கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கரைசலில் ஓடுவது அயனி, கம்பியில் ஓடுவது எலெக்ட்ரான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தர இரண்டுக்கும் நடுவே வெள்ளி குளோரைடு படலம் இருக்க வேண்டும். வெறும் வெள்ளியை வைத்தால் அளவு நிலைகொள்ளாமல் நழுவிக்கொண்டே இருக்கும். படலத்தை உண்டாக்கச் சுலபமான வழி, துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் கம்பியைப் போட்டு வைப்பது. சற்று நேரத்தில் பளபளப்பு போய்க் கருஞ்சாம்பல் நிறம் ஏறும். சீராக ஏறியிருந்தால் நல்ல கம்பி. திட்டுத்திட்டாக இருந்தால் உரசியெடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். வெள்ளி கருக்கக் கூடாது என்பதற்காகவே வாழ்நாளெல்லாம் மெருகு போட்டவர். "ஏங்கண்ணு, காசு குடுத்து வெள்ளிய வாங்கி, நீங்களே கருக்க வெப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, நம்பாமல் சிரித்தார். பிறகு வேலை விஷயமாகக் கேள்விகள் கேட்க ஆரம்பித்தார். எந்தத் தடிமன்? செம்பு கலந்ததா, சுத்த வெள்ளியா? கொலுசுக்குச் சுத்த வெள்ளி உதவாது, வளைந்துவிடும், செம்பு கலந்தால்தான் நிற்கும். எங்களுக்கோ செம்பு இருந்தால் அளவு கெடும், சுத்தம்தான் வேண்டும். அன்று மாலை துளைத் தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து இழுத்து, மயிர்போல் ஒரு சுருள் கம்பி தந்தார். பேராசிரியர் அதை வாங்கிப் பார்த்தார், ஆசிரியர் தினப் பரிசுபோல அலமாரியில் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கருக்க வைத்து, மாட்டிவிட்டார். கடைக் கம்பிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணாடியும் வெள்ளியும் தயார் என்றால் இனி எதிரி இரைச்சல். நாம் தேடுவது ஆம்பியரில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும் மின்னோட்டம். சுவரில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. அந்த 50 அலையும் அப்படியே நம் திரையில் வந்து ஆடும். குழல் விளக்கு, ஏசி, யாரோ சார்ஜ் போட்ட கைபேசி, எல்லாம் அதில் தெரியும். கருவியைச் சுற்றிலும் செம்பு வலைக் கூண்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் எர்த் கம்பி, எல்லாக் கம்பியும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். ஒரு கம்பியை இரண்டு இடத்தில் எர்த் செய்தால் இரைச்சல் கூடும். அக்கா கூண்டுக்குள் கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே திரையைப் பார்ப்பார். எதைத் தொடும்போது அலை சிறுக்கிறதோ அங்கே எர்த் சரியில்லை. இதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. அதிர்வு இன்னொரு தொல்லை. காற்றில் மிதக்கும் கனமான மேசையில் உருப்பெருக்கி நின்றாலும், கதவை யாராவது அறைந்து சாத்தினால் செல் கைவிட்டுப் போய்விடும்.

செல்கள் சீன வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வந்தவை. 1957-இல் அமெரிக்காவில் தியோடர் பக் வளர்த்தெடுத்த வம்சம். இன்று உலகில் விற்கிற பல உயிரியல் மருந்துகளும் இதே செல்களில்தான் தயாராகின்றன. எங்களுக்கு அவை பிடித்த காரணம் வேறு. அவற்றுக்கென்று சொந்தப் பொட்டாசிய வாய்க்கால் அதிகம் இல்லை. எனவே நாம் உள்ளே போட்ட மரபணு செய்கிற வாய்க்கால் மட்டும் பளிச்சென்று தெரியும். மரபணுவோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவையும் சேர்த்து அனுப்புவோம். ஓரிரு நாள் கழித்து எந்தச் செல் பச்சையாக மின்னுகிறதோ, அது நம் சரக்கை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்.

இப்போது ஊசி இறங்குகிறது. பின்னால் ரப்பர் குழாய் வழியே லேசாகக் காற்றழுத்தம் கொடுத்துக்கொண்டே இறக்க வேண்டும், முனையில் அழுக்கு ஒட்டாமலிருக்க. செல்லைத் தொட்டதும், சோதனைக்காக நாம் அனுப்பிக்கொண்டிருக்கும் சதுர அலை திரையில் கொஞ்சம் சுருங்கும். அந்த நொடியில் அழுத்தத்தை விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். சவ்வு கண்ணாடி விளிம்பில் ஒட்டிக்கொண்டால் அலை அப்படியே படுத்துவிடும். மின்தடை ஆயிரம் மெகா ஓமைத் தாண்டும். அதற்குக் 'கிகா சீல்' என்று பெயர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் எர்வின் நெஹரும் பெர்ட் சக்மானும் 1976-இல் ஒற்றை வாய்க்காலின் மின்னோட்டத்தை முதன்முதலாகத் தவளைத் தசையில் அளந்து காட்டியபோது இந்த இறுக்கம் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. இரைச்சலோடுதான் அளந்தார்கள். புதிதாக இழுத்த சுத்தமான ஊசியும் மெல்லிய உறிஞ்சலும் இருந்தால் சவ்வு இப்படி ஒட்டும் என்று நெஹர் 1980-இல் கண்டார். 1981-இல் அந்த முறையை விரிவாக எழுதி வெளியிட்டார்கள். 1991-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த முறை வெளியான பத்தாண்டுக்குள் உலகமெங்கும் ஆய்வகங்களில் மாணவர்கள் ரப்பர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒட்டிய பிறகு சுருக்கென்று ஓர் உறிஞ்சல். முனைக்குள் இருக்கிற சவ்வுத் துண்டு கிழியும். ஊசிக் கரைசலும் செல்லின் உள்ளும் ஒன்றாகிவிடும். இனி செல்லின் மின்னழுத்தம் நம் கையில். மைனஸ் 80 மில்லி வோல்ட்டில் நிறுத்தி வைத்து, படிப்படியாக ஏற்றிப் பார்ப்போம். பல வாய்க்கால்கள் ஏற்றியவுடன் பட்டென்று திறக்கும். இது அப்படியல்ல. இதன் மின்னோட்டம் பல வினாடிகள் எடுத்துக்கொண்டு, மெதுவாக, நிதானமாக ஏறும். முதன்முறை அந்தக் கோடு திரையில் எழுந்ததைப் பார்த்தபோது நான் மூச்சுவிடவில்லை. உணர்ச்சியால் அல்ல, குழாய் இன்னும் வாயில் இருந்தது.

எங்கள் குளிர்பெட்டியில் வாய்க்கால்களை அடைக்கும் நஞ்சுகள் சின்னச் சின்னக் குப்பிகளில் இருக்கும். எந்த மின்னோட்டம் எந்த வாய்க்காலுடையது என்று பிரித்தறிய உதவும். அவற்றில் ஒன்று ஐபீரியோடாக்சின். பெயரைக் கேட்டு ஸ்பெயின் சரக்கு என்று நினைத்திருந்தேன். வாசித்துப் பார்த்தால் நம் ஊர்ச் செந்தேள்! வரப்பிலும் கல்லடுக்கிலும் கிடந்து, கொட்டினால் ஆளைப் படுக்க வைக்கிற அதே சின்னத் தேள். 1798-இல் ஃபாப்ரிசியஸ் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே 'டாமுலஸ்' என்று இருக்கிறது. அதன் விஷத்திலிருந்து 37 அமினோ அமிலம் கொண்ட இந்த நஞ்சை 1990-இல் பிரித்தெடுத்தார்கள். பெரிய பொட்டாசிய வாய்க்கால் ஒன்றை மட்டும் அடைக்கும், மற்றதைத் தொடாது. 2002-இல் அதே தேளிலிருந்து வேறொரு வாய்க்காலை அடைக்கும் டாமபின் வந்தது. தேள் கொட்டினால் வியர்த்துக் கொட்டி, இதயம் தடதடத்து, நுரையீரலில் நீர் கோர்ப்பதற்குக் காரணம் அதே விஷத்தில் இருக்கிற வேறு நஞ்சுகள், சோடிய வாய்க்கால்களை மூடவிடாமல் செய்பவை. அதற்குப் பிரசோசின் மாத்திரை பலன் தரும் என்று மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிறுநகரில் இருந்துகொண்டே காட்டியவர் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர். எங்கள் காட்டில் செருப்பால் அடித்துக் கொல்கிற பூச்சியின் விஷம் ஆய்வகத்துக்கு மைக்ரோகிராம் கணக்கில், வெளிநாட்டு விலையில் வருகிறது.

கை ஓரளவு பழகியதும் பேராசிரியர் வேலை கொடுத்தார். மூன்று குப்பிகள், மேலே எண் மட்டும். ஒன்று மாறாத மரபணு, மற்ற இரண்டும் உலகில் ஏற்கெனவே தெரிந்த மாற்றங்கள். எது எது என்று சொல்லமாட்டார். தெரிந்தால் நம் கண் அதையே தேடும், நல்ல செல்லை 'இது சரியில்லை' என்று தள்ளிவிடும். அளந்த மின்னோட்டத்தைச் செல்லின் அளவால் வகுக்க வேண்டும், பெரிய செல்லில் வாய்க்கால் அதிகம் இருக்கும் என்பதால். எந்த அழுத்தத்தில் பாதி வாய்க்கால்கள் திறக்கின்றன, எவ்வளவு வேகத்தில் மூடுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட வேண்டும். மின்னோட்டமே இல்லை என்றால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. வாய்க்கால் சவ்வுக்கு வந்து சேர்ந்தும் திறக்கவில்லையா, வழியில் செல்லுக்குள்ளேயே சிக்கிக்கொண்டதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகுதான் உண்மையான கேள்வி வரும். மனிதனுக்கு அநேகமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் என்ன ஆகும்? இரண்டையும் சமமாகக் கலந்து செல்லுக்குள் போட்டுப் பார்க்கிறோம். கெட்ட புரதம் கூட்டணியில் சேரவே சேராத வகை என்றால் சுமார் பாதி வாய்க்கால்கள் ஒழுங்காக இருக்கும். ஸ்வீடனில் பரவலாக உள்ள ஆர்.518.எக்ஸ். என்ற மாற்றம் இந்த மாதிரி. புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பெரிய தொந்தரவு இருக்காது. ஆனால் கெட்ட புரதம் சேர்ந்துகொண்டு, சேர்ந்த வாய்க்காலையே முடக்குகிற வகை என்றால்? நான்கு இடத்திலும் நல்லது வந்தால்தான் வாய்க்கால் நல்லது. பாதியில் பாதியில் பாதியில் பாதி. பதினாறில் ஒன்றுதான் முழுதும் நல்லதாக மிஞ்சும். ஒரே ஒரு எழுத்து மாறியதற்கு இந்த விலை.

என் குப்பிகளில் ஒன்று ஏ.341.வி. என்று பிறகு தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த பல குடும்பங்களில் இருக்கும் மாற்றம். 341-ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். அந்தக் குடும்பங்களில் இளவயது மரணங்கள் அதிகம். ஆனால் செல் வளர்க்கும் தட்டில் கலந்து அளந்தால் பாதிப்பு மிதமாகத்தான் தெரிகிறது. ஸ்வீடனின் வடபகுதியில் ஒய்.111.சி. என்று இன்னொன்று. தட்டில் அளந்தால் மோசமாகத் தெரிகிறது, அதைச் சுமக்கும் குடும்பங்களில் திடீர் மரணம் குறைவு. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு பாடுபட்டு அளந்து, அளவு நோயாளியோடு ஒத்துப்போகவில்லை என்றால் எதற்கு இந்தத் தொழில்?

பதில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் இருந்தது. ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், அப்போது இந்தப் பொட்டாசிய வாய்க்காலும் கூடுதலாகத் திறந்து கொடுக்க வேண்டும். ஏ.341.வி. உள்ள வாய்க்கால் ஓய்வில் ஓரளவு வேலை செய்கிறது, அட்ரினலின் தருகிற கட்டளைக்கு மட்டும் செவிசாய்ப்பதில்லை. தட்டில் கிடந்த செல்லுக்கு அந்தக் கட்டளையை முன்பு யாரும் கொடுக்கவில்லை. அளவு பொய்யில்லை, கேட்ட கேள்வி குறை. அன்றிலிருந்து ஒரு மாற்றத்தை 'சாதுவானது' என்று எழுதும் முன், எந்த வெப்பநிலையில் அளந்தோம், பக்கத்துப் புரதம் கூட இருந்ததா, அட்ரினலின் பாதையைத் தட்டிவிட்டோமா என்று மூன்றையும் கேட்காமல் எழுதுவதில்லை. 2015-இல் வந்த அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் வழிகாட்டுதலும் ஆய்வகச் சோதனையை வலுவான சான்றாக ஏற்றுக்கொள்கிறது, ஆனால் சோதனை நன்றாக நிறுவப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நியாயமான நிபந்தனை.

ஓடும்போது, நீந்தும்போது. இந்த மரபணுவில் கோளாறு உள்ளவர்கள் மயங்கி விழுவது பெரும்பாலும் உடல் உழைப்பின்போதுதான், குறிப்பாக நீந்தும்போது. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஊர்க் கிணறுகள் நினைவுக்கு வந்தன. சேலம், நாமக்கல் சமவெளியில் ஆற்றில் நீச்சல் கற்றவர்களைவிடக் கிணற்றில் குதித்துக் கற்றவர்கள்தான் அதிகம். நன்றாக நீந்தத் தெரிந்த பையன் குதித்தவன் மேலே வரவில்லை என்று ஊருக்கு ஒரு கதை இருக்கும். காற்று கறுப்பு என்பார்கள், சேற்றில் சிக்கினான் என்பார்கள். பெரும்பாலானவற்றுக்குச் சேறும் படிக்கட்டும் குடியும்தான் காரணமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த மரபணு எங்கள் பக்கத்துக்கு வேறொரு விதத்திலும் நெருக்கமானது. 1957-இல் நார்வே மருத்துவர்கள் ஆண்டன் ஜெர்வெல்லும் ஃபிரெட் லாங்கே நீல்சனும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகளில் நால்வர் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அந்த நால்வருக்கும் அடிக்கடி மயக்கம், துடிப்புக்குப் பின் இதயம் மின்னளவில் தணிய எடுக்கும் நேரத்தைக் காட்டும் கியூ.டி. இடைவெளி இசிஜியில் நீண்டிருந்தது. மூன்று குழந்தைகள் நான்கு, ஐந்து, ஒன்பது வயதில் திடீரென்று இறந்துபோனார்கள். நாற்பது ஆண்டு கழித்து, 1997-இல், காரணம் தெரிந்தது. நான் ஊசி வைத்துக் குடைந்துகொண்டிருக்கிற அதே மரபணு, அல்லது அதன் குட்டிப் பங்காளி, இரண்டு பிரதியும் கெட்டிருக்கிறது. உட்காதில் பொட்டாசியம் சேரவில்லை, எனவே செவிடு. இதயம் துடிப்புக்குப் பின் சரியாகத் தணியவில்லை, எனவே மயக்கமும் மரணமும். பெற்றோருக்கு ஆளுக்கு ஒரு பிரதிதான் கெட்டிருக்கும், அவர்களுக்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் தெரியாது.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கெட்ட பிரதி வந்து சேர எளிய வழி, இருவருக்கும் தாத்தா ஒருவராக இருப்பது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 2019 முதல் 2021 வரை, தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். எங்கள் அம்மாவும் அப்பாவும் அத்தை மகன், மாமன் மகள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பட்டறையும் நிலமும் கைவிட்டுப் போகாமலிருக்க, பெண்ணைத் தெரிந்த வீட்டில் கொடுக்க, ஆயிரம் காரணம் இருந்தது.

நம் நாட்டில் பிறவிக் காது கேளாமைக்கு அதிகம் காணப்படும் மரபணுக் காரணம் இதுவல்ல. கனெக்சின் 26 என்ற வேறொரு வாய்க்கால் புரதத்தில் வரும் டபிள்யூ.24.எக்ஸ். என்ற மாற்றம். 24-ஆம் இடத்திலேயே புரதம் நின்றுவிடுவதால் அதைத் தட்டில் சோதிக்க வேண்டிய தேவையே இல்லை, படித்தாலே விளங்கும். இதயத்தை அது தொடாது. ஜெர்வெல் எழுதிய நோய் மிக அரிது. அரிது என்பதாலேயே யாரும் தேடுவதில்லை.

தேடினாலும் சிக்கல் இருக்கிறது. ஒரு மாற்றம் புதியதா, சாதாரணமாகப் பலரிடமும் இருப்பதா என்று பார்க்க உலகத் தரவுத்தளங்களைப் புரட்டுகிறோம். அவற்றில் நம்மவர்கள் குறைவு. ஐரோப்பியர்களிடம் இல்லாத, நம் ஊரில் பலரிடமும் இருக்கிற ஒன்றுமில்லாத மாற்றம்கூட 'அரியது, சந்தேகத்துக்குரியது' என்று அறிக்கையில் ஏறிவிடும். 10,000 இந்தியர்களின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த 'ஜீனோம் இந்தியா' தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. நல்ல தொடக்கம். ஆனால் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும், ஒரு குடும்பத்தில் மட்டும் இருக்கிற மாற்றத்துக்கு எண்ணிக்கை பதில் சொல்லாது. யாராவது அதைச் செல்லில் போட்டு அளக்கத்தான் வேண்டும்.

அளக்க இப்போது எந்திரம் வந்துவிட்டது. ஒரே நேரத்தில் 384 செல்களைப் பிடித்து அளக்கும். ஊசி இல்லை, வாயில் குழாய் இல்லை. பலகையில் துளைகள், அதில் செல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளிநாட்டு ஆய்வகங்கள் நூற்றுக்கணக்கான மாற்றங்களை இப்படிச் சோதித்து, வி.யூ.எஸ். பட்டியலைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. கை வேலை போய்விடுமே என்று எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவின் பட்டறையிலும் கம்பி இழுக்க மோட்டார் வந்தது, அவர் கை ஓயவில்லை. எந்திரம் தந்த அளவில் எது செல், எது ஓட்டை என்று சொல்ல, ஊசியில் கற்ற ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் அப்படிப்பட்ட எந்திரமும் ஆட்களும் ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து இருந்தால், 'தெரியாது' என்ற தாளோடு திரும்பிப் போகிறவர்கள் குறைவார்கள். இதை நான் ஆய்வகத்துக்காகக் கேட்கவில்லை, எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்காகக் கேட்கிறேன்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்துகிறார்கள். பிறவியிலேயே இரு காதும் கேளாத குழந்தை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் முன் ஓர் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின் "கியூ.டி. எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் 500 மில்லி வினாடியைத் தாண்டியிருக்கும். ஓடும்போதோ, அழும்போதோ, கிணற்றில் இறங்கியபோதோ குழந்தை மயங்கி விழுந்திருந்தால், 'வலிப்பு' என்று நீங்களே முடிவு செய்யாமல் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் விலை குறைந்தவை, அவை போதாதவர்களுக்கு நெஞ்சில் வைக்கும் கருவி இருக்கிறது, கொடுக்கக் கூடாத மருந்துகளின் பட்டியலும் இருக்கிறது. இசிஜி எடுக்கும் வசதி அரசு மருத்துவமனைகளிலேயே உண்டு.